தேக்காவில் தொடங்குங்கள், மெர்லயன் காத்திருக்கும்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு யார் வந்தாலும் முதல் நாள் காலை ஏழரை மணிக்கு நான் கூட்டிப் போகும் இடம் தேக்கா நிலையம், சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் ஒரே கட்டடத்தில். சிங்கத் தலையும் மீன் உடலுமாக மெர்லயன் சிலை நிற்கும் மரீனா பே எங்கேயும் ஓடிவிடாது. தேக்காவின் காலை பத்து மணிக்கு மேல் கிடைக்காது. வெயில் ஏறிவிடும், கூட்டம் சேர்ந்துவிடும், நல்ல மீன் போய்விடும்.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் (எனக்கு அவர் அண்ணன்) வந்திருந்தார்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, சி வாசல் வழியாக ஏறினால் பஃபலோ ரோடு. "இதென்ன அண்ணி, எருமை ரோடு?" என்றாள். சரியாகத்தான் கேட்டாள். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த பகுதி இது. மலாயில் இதற்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். பக்கத்திலிருக்கும் கேகே மருத்துவமனையின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 1966இல் அங்கே ஒரே வருடத்தில் 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் நானும் ஒருத்தி.

'தேக்கா' சீனர் வைத்த பெயர், ஹொக்கியென் மொழியில் மூங்கிலடி. பழைய சந்தை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியது 1982இல். அப்போது அதே பெயரை மாண்டரின் சீன உச்சரிப்பில் 'சூஜியாவ்' என்று மாற்றி எழுதி வைத்தார்கள். எங்கள் அம்மா கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. 2000இல் போர்டும் தேக்காவுக்குத் திரும்பிவிட்டது.

முதலில் ஈரச்சந்தை. தரை நனைந்திருக்கும், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியதில்லை, சும்மா நடந்தாலே போதும். ஆட்டிறைச்சிக் கடைகளில் கத்தி கட்டையில் இறங்கும் சத்தம், கயிற்றால் கட்டிக் கிடக்கும் நண்டு, முருங்கைக்காய், வாழைப்பூ. இறைச்சிக்காரரிடம் ஒரு சீன ஆன்ட்டி தமிழில் விலை பேசுவதை அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

அப்புறம் சாப்பாட்டுப் பக்கம். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். அதை எடுத்து முகம் துடைத்துவிட்டார் அண்ணன்! உரிமைக்காரப் பெண் தட்டோடு வந்தபோது நான்தான் அசடு வழிந்தேன்.

தேநீர் கேட்பதற்கு இங்கே தனிப் பாஷை. வெறும் 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள், தித்திப்பு தாங்காது. பால் வேண்டாம் என்றால் தே ஓ. இஞ்சி வேண்டுமென்றால் தே ஹாலியா. நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி, அதனால் தே சி கொசோங்: இனிப்பில்லாத பால், சீனியும் கிடையாது. இரண்டாவது நாளே அவளாக ஆர்டர் பண்ணினாள், கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டார்.

காலைக்குத் தோசையும் புரோட்டாவும் போதும். எனக்கு இங்கே உயிர் இந்தியன் ரோஜாக். கண்ணாடிக்குப் பின்னால் பருப்பு வடை, உருளைக்கிழங்கு, தெம்பே (புளிக்கவைத்த சோயா), இறால் வடை எல்லாம் அடுக்கியிருக்கும். தேவையானதைக் காட்டினால் எண்ணெயில் சூடுபண்ணி, டக் டக்கென்று வெட்டி, வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சை மிளகாயோடு தருவார்கள். தொட்டுக்கொள்ளும் குழம்பு செக்கச் சிவப்பு, வாயில் வைத்தால் முதலில் சர்க்கரைவள்ளியின் இனிப்பு, அப்புறம்தான் உறைப்பு. ஒன்று கவனம்: ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. ஊர் பஜ்ஜிக் கடை நினைப்பில் அண்ணன் "அது ரெண்டு, இது ரெண்டு" என்று கை நீட்டிக்கொண்டே போக, பில் 26 வெள்ளி. (டாலரை நாங்கள் வெள்ளி என்போம்.) விலைப்பட்டியலைத் தேடினேன், எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கடைக்காரர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனால் குழம்பைக் குறை சொல்ல மாட்டேன்.

பிரியாணிக்குப் பன்னிரண்டுக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். நான் போன நாட்களில் இரண்டு மணிக்கெல்லாம் அண்டா காலி. மதியம் உள்ளே நல்ல புழுக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பது தனி சாமர்த்தியம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி, மாற்றி வைக்காதீர்கள்.

இடையில் சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேனில் பூமாலைக் கடைகள், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். மரபுடைமை நிலையத்தில் ஏசி உண்டு, வயதானவர்களோடு வந்தால் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தை அங்கே கழிக்கலாம். தேக்கா மேல்மாடித் துணிக்கடைகளுக்கு நாத்தனாரைக் கூட்டிப் போனது என் தப்பு, இரண்டு மணிநேரம் போயிற்று. ஞாயிறு மாலை வெளிநாட்டு ஊழியர்கள் விடுப்பில் கூடும் நேரம், தெருவெல்லாம் தலைதான். எனக்கு அந்தக் கலகலப்பு பிடிக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். திங்கட்கிழமையும் வேண்டாம், சந்தையில் நிறையக் கடைகள் மூடியிருக்கும்.

மாலையில் அதே லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் பாதையில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட். அங்கே கரையோரப் பூந்தோட்டத்து ராட்சதச் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி 7.45க்கும் 8.45க்கும், காசு கிடையாது. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும், அதற்கொரு துண்டு எடுத்துப் போங்கள்.

அங்கே கிளம்பும்போது அண்ணன் தேக்காவில் ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) கட்டித் தரச் சொன்னார். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் சொருகிக் கொடுத்தார்கள். ரயிலுக்குள் ஒரு வாய் குடித்தாலும் 500 வெள்ளி வரை அபராதம் என்றேன். நான்கு நிறுத்தமும் அந்தப் பையைக் கோயில் தீர்த்தம் போல இரண்டு கையிலும் ஏந்தியபடியே நின்றார், உட்கார இடம் கிடைத்தும்.