325ஐ-க்கு ஆயில் மாற்றம்: கீழே படுத்து வடிப்பதா, மேலே நின்று உறிஞ்சுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான ஊர். அறுபதுகளில் டர்பன் நகராட்சி இந்தக் குன்றுகளின் மேல் வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தபோது, பின்னாளில் ஒருவன் வாசலில் காரை நிறுத்தி அதன் அடியில் படுத்துக் கிடப்பான் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். என் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிகிறது. ஸ்பேனர் கைதவறி விழுந்தால் பரவாயில்லை, கிடந்த இடத்தில் கிடக்கும். சாக்கெட் விழுந்தால் தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

அந்தச் சரிவில்தான் என் 1989 பிஎம்டபிள்யூ 325ஐ நிற்கிறது. ஈ30 வகை, இரண்டு கதவு, இரண்டரை லிட்டர் ஆறு சிலிண்டர். பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் தொழிற்சாலையில் கூட்டியது. இந்த நாட்டில் இதற்குக் ‘குஷேஷே’ என்று செல்லப்பெயர். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் பம்ப் போடும் பையன் முதலில் விற்பீர்களா என்றுதான் கேட்பான், அப்புறம்தான் எவ்வளவு போட வேண்டும் என்பான்.

இதற்கு ஆயில் மாற்ற என் முன்னால் மூன்று வழி இருந்தது. பட்டறையில் விடுவது, அடியில் படுத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடிப்பது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக மேலிருந்து உறிஞ்சுவது.

பட்டறையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் ட்ரெயின் போல்ட்டை, போல்ட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி அனுப்பினார்கள். அடுத்த முறை நான் கழற்றியபோது போல்ட்டோடு சேர்ந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் மரையும் கொஞ்சம் சுருள் சுருளாக வந்தது. முப்பத்தைந்து வருட வண்டிக்குப் புது சம்ப் தேடி அலைந்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். வேறு நல்ல பட்டறைகள் இல்லையா என்றால் இருக்கின்றன. ஆனால் ஒரு போல்ட், ஒரு ஃபில்டர், நாலரை லிட்டருக்கு முன்பின்னாக ஆயில், இவ்வளவுதான் வேலை. அதற்கு எதற்கு இன்னொருவர் கையை நம்ப வேண்டும்?

மீதி இரண்டுக்கும் இடையில்தான் நிஜமான போட்டி.

உறிஞ்சும் கருவியை நான் வாங்கியதற்கு அந்தச் சரிவுதான் காரணம். ஆறு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் உருளை, மேலே சைக்கிள் பம்ப் போல ஒரு கைப்பிடி, ஒரு மெல்லிய குழாய். டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு அந்த ஓட்டையில் குழாயை அடிவரை விட்டு, கைப்பிடியைப் பதினைந்து இருபது தடவை இழுத்து அடித்தால் உருளைக்குள் வெற்றிடம் உண்டாகும். அப்புறம் ஆயில் தானாக ஏறி வரும். மின்சாரத்தில் ஓடுவதும் கிடைக்கிறது. லோட்ஷெடிங் காலத்தில் பழகிய புத்தி, கைப்பம்ப்தான் எடுத்தேன்.

பக்கத்து வீட்டு மாமா ப்ராஸ்பெக்டனில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

“என்ன தம்பி, வண்டிக்கு ரத்தம் எடுக்கிறியா?”

“ஆயில் மாமா. கீழே படுக்க வேண்டியதில்லை பாருங்கள்.”

“படுக்காம பார்த்த வேலை வேலையா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போது கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எந்த வழியானாலும் எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இது ஏதோ சம்பிரதாயம் இல்லை. சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையை விட 100 டிகிரியில் எட்டொன்பது மடங்கு நீர்த்துப் போகிறது. ஆறிய வண்டியில் உறிஞ்சினால் பாகு காய்ச்சிய பாத்திரத்தில் ஸ்ட்ரா போட்டு இழுத்த கதைதான். ஒரு பத்து நிமிடம் ஹிக்கின்சன் ஹைவே வரை ஓட்டிவிட்டு வந்து, ஐந்து நிமிடம் ஆயில் கீழே இறங்க விட்டு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். வடிப்பவர் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும், கொதிக்கும் ஆயில் முழங்கை வழியாகத்தான் வழியும். உறிஞ்சுபவருக்கு அந்தப் பயம் குறைவு.

உறிஞ்சினால் அழுக்கெல்லாம் அடியிலேயே தங்கிவிடும் என்பது பலர் சொல்லும் குறை. அதைச் சோதித்தே பார்த்தேன். சமதரையுள்ள நண்பர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய், குழாயில் கொரகொரவென்று காற்று வரும்வரை உறிஞ்சி, உடனே கீழே போய் போல்ட்டைக் கழற்றினேன். வந்தது ஒரு டீ கப்பை விடக் கொஞ்சம் அதிகம், முந்நூறு மில்லிக்குள். போல்ட் வழியாக வடித்தாலும் பம்ப்பிலும் ஆயில் ஓடும் துளைகளிலும் பழையது கொஞ்சம் தங்கத்தான் செய்கிறது. ஆக, ஆயில் எவ்வளவு வெளியே வருகிறது என்ற கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இது என் வண்டியின் கணக்கு. டிப்ஸ்டிக் குழாய் வளைந்து சம்ப்பின் ஆழமான பகுதியை எட்டாத எஞ்சின்களும் உண்டு. புதிதாக உறிஞ்சுபவர் ஒரு முறையாவது இப்படி அளந்து பார்த்துவிடுவது நல்லது.

உறிஞ்சுவதற்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒவ்வொரு முறை போல்ட்டைக் கழற்றி மாட்டும்போதும் பழைய சம்ப்பின் மரை கொஞ்சம் தேய்கிறது. போல்ட்டைத் தொடாவிட்டால் அந்தத் தேய்மானமே இல்லை. ஏற்கெனவே காற்றுத் துப்பாக்கியிடம் அடிபட்ட என் சம்ப்புக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டுவிட்டால், ஒழுகுகிறதே என்று ஓவராக இறுக்கும் ஆசை வராது. மரை தப்பிக்கும்.

ஃபில்டரில்தான் உறிஞ்சும் வழி பாதி தோற்கிறது. என் எஞ்சினில் இருப்பது திருகிக் கழற்றும் டப்பா ஃபில்டர். அதைக் கழற்றும்போது ஆயில் வழிந்து கீழே இருக்கும் இரும்பெல்லாம் நனையும். மேலே நின்று வேலை பார்க்கிறேன் என்று பெருமையாகத் தொடங்கி, கடைசியில் துணியோடு கீழேதான் குனிந்தாக வேண்டும். என் மச்சினன் வைத்திருப்பது அடுத்த தலைமுறை, ஈ36 325ஐ. அதில் ஃபில்டர் எஞ்சினுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கிண்ணத்துக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றினால் போதும். உறிஞ்சும் வழி அவனுக்கென்றே அமைந்த மாதிரி. ஒரே சிக்கல், அவன் எஞ்சின் பிடிப்பது ஆறரை லிட்டர், என் உருளை ஆறு லிட்டர். முதல் தடவை அதைக் கவனிக்காமல் விட்டதில் அவன் வீட்டு மொசைக் தரைக்கு ஒரு புது டிசைன் கிடைத்தது.

ஃபில்டர் என்றதும் இன்னொரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் மொத்த ஆயிலும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் பழைய ஃபில்டரைக் கையில் வைத்து அதில் வளையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதைத் தொடுகிறேன். ஃபில்டர் நம்மூர் தயாரிப்பான ஜி.யு.டி.யே போதும்.

வாசல் சரிவு என் முடிவை எப்படிக் கெடுத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ராம்ப் மேல் ஏற்றுவதா, ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்துவதா என்ற சண்டை சமதரையில் வீடு உள்ளவர்களுக்கு. சரிவில் இரண்டுமே கூடாது, ராம்ப் நழுவும், ஸ்டாண்டு சாயும். சமதரை என்றால் என் ஓட்டு ஸ்டாண்டுக்கு. ஈ30-யின் முன்பம்பர் தாழ்வு, ராம்ப்பில் சக்கரம் ஏறும் முன் பம்பர் ஏறிவிடும். எதுவானாலும் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல், வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் தலையை உள்ளே விடக் கூடாது.

இரண்டு வருடம் உறிஞ்சியே காலம் தள்ளினேன். சட்டை அழுக்காகவில்லை, முதுகு வலிக்கவில்லை, வீட்டிலும் திட்டு இல்லை. மூன்றாம் வருடம் அந்த நண்பர் வீட்டில் முதுகுக்கு அட்டையை விரித்து, ஆசைக்கு ஒரு முறை அடியில் போய்ப் படுத்தேன்.

எஞ்சினின் முன்பக்கம், டைமிங் பெல்ட் மூடியின் அடி ஓரம், ஈரமாகப் பளபளத்தது. விரலால் தொட்டால் ஆயில். ஆயில் வெளியே வராமல் தடுக்கும் முன்பக்க சீல் கசிந்து மூடிக்குள் இறங்கியிருக்கிறது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் இந்த எஞ்சினில் டைமிங் செயினில் ஓடுவதில்லை, ரப்பர் பெல்ட்டில் ஓடுகிறது. ஆயில் பட்ட பெல்ட் ஊறிக் கெடும். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதும் அமைப்பு இது. வளைந்த வால்வு, அதை அழுத்தும் ராக்கர் உடைவது, அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டிய செலவு. பானட்டைத் திறந்து மேலிருந்து எத்தனை முறை எட்டிப் பார்த்திருப்பேன், ஒரு சொட்டு தெரியவில்லை. டிப்ஸ்டிக்கும் சொல்லவில்லை, அது குறைத்துக் காட்டும் அளவுக்குக் கசிவு இல்லை. அதே படுக்கையில் பின்னால் டார்ச் அடித்தால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் இணைப்பிலும் வெடிப்பு.

சீல்களும் பெல்ட்டும் மாற்றினேன், ரப்பர் இணைப்பும் மாற்றினேன். மாமா சொன்னதைத் திரும்ப நினைத்துக்கொண்டேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

அதனால் என் தீர்ப்பு இது. பழைய வண்டியில் ஆயில் மாற்றம் என்பது பாதி ஆயிலுக்கு, பாதி அடியில் போய்ப் பார்ப்பதற்கு. வடித்தால் அந்த இரண்டாவது பாதி இலவசமாகக் கிடைக்கிறது. வடியும் ஆயிலே நிறைய சொல்லும், வெயிலில் பிடித்தால் உலோகத் தூள் மினுங்குகிறதா, பால் கலந்த காப்பி போலத் தண்ணீர் கலந்திருக்கிறதா, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று பார்க்கலாம். கறுத்துப்போன பிளாஸ்டிக் உருளைக்குள் இதில் பாதி தெரியாது. பத்து வருடத்துக்குள்ளான வண்டி, மேலே ஃபில்டர், அடியில் முழுவதும் பிளாஸ்டிக் தட்டு என்றால் தயங்காமல் உறிஞ்சலாம். என் மனைவியின் காருக்கு நான் அதைத்தான் செய்கிறேன். 325ஐ-க்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நண்பர் வீட்டுக்குப் போய் வடிக்கிறேன்.

எந்த ஆயில் என்ற கேள்வி கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் 20டபிள்யூ-50 மினரல், அரை சிந்தடிக் 10டபிள்யூ-40, முழு சிந்தடிக் 5டபிள்யூ-40. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. 20டபிள்யூ-வைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில், 5டபிள்யூ-வை மைனஸ் 30-இல். டர்பனில் ஜூலை விடியற்காலையிலும் பெரும்பாலும் பத்து டிகிரிக்கு மேல்தான் இருக்கும், நமக்கு எதற்கு மைனஸ் முப்பது? பின்னால் உள்ள எண்தான் முக்கியம். கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக்ஸில் அளப்பார்கள்: 40 என்றால் 100 டிகிரியில் 12.5-லிருந்து 16.3, 50 என்றால் 16.3-லிருந்து 21.9. தேய்ந்த பேரிங், ஆயில் குடிக்கும் எஞ்சின், பிப்ரவரி வெயிலில் என்3 நெடுஞ்சாலை ஏற்றம் என்றால் 50 நல்லது. எஞ்சின் இறுக்கமாக இருந்து சிந்தடிக் போட ஆசை என்றால், டப்பாவின் பின்பக்கம் ஏசிஇஏ ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 30, 20 என்று முடியும் புதுக்கார் ஆயில்கள் வேண்டாம். அவற்றில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துகிறார்கள். அந்தப் பாஸ்பரஸ் வருவது துத்தநாகச் சேர்மத்திலிருந்து. கேம்ஷாஃப்ட்டின் மேல் ராக்கர் உரசி ஓடும் இந்தப் பழைய எஞ்சினைத் தேய்மானத்திலிருந்து காப்பது அதுதான். நான் 20டபிள்யூ-50தான். விலையும் குறைவு, 10,000 கிலோமீட்டர் வரை நீட்டாமல் வருடத்துக்கு இரண்டு தடவை மாற்ற மனசு வருகிறது.

ஊற்றும்போது முதலில் நாலு லிட்டர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். மீட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரியும் சர்வீஸ் விளக்குகளை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரிகள் செத்துப் போனால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

பழைய ஆயிலை வேலி மரத்துக்குப் பூசுவது, புல்லைக் கருக்க ஊற்றுவது எல்லாம் இங்கே தாத்தா காலத்துப் பழக்கம். மண்ணும் தண்ணீரும் கெடும். ரோஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 1994 முதல் பழைய ஆயில் சேகரிப்புக்கென்றே இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் இடம் பார்த்து, காலியான ஐந்து லிட்டர் டப்பாவிலேயே மூடிக் கொடுத்துவிடலாம். உறிஞ்சும் கருவி இருந்தால் இந்த ஒரு கட்டம் சுத்தம்தான், உருளையிலிருந்து நேராக டப்பாவுக்குச் சாய்த்துவிடலாம்.

என் உருளை இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போன மாதம் மாமா வந்து, புல் வெட்டும் மெஷினுக்கு ஆயில் மாற்ற வேண்டும், அதைக் கவிழ்த்தால் கார்புரேட்டரெல்லாம் ஆயிலாகிறது, அந்த ரத்தம் எடுக்கிற சாமானைக் கொஞ்சம் கொடு என்று கேட்டு வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.