இன்விட்–வீவெரிஃபை: பழசைப் பிடிக்கும், புதுசுக்கு ஜாமீன் நிற்காது

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று சொல்லி வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அவற்றில் ஒன்று ராஜஸ்தான் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. நிருபருக்கு முன்னாலேயே அந்த வீடியோ வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்தி டெஸ்கில் மிச்சமிருந்த வேலை ஒன்றுதான்: இது எங்கே, எப்போது எடுத்தது?

அந்த வேலைக்கென்றே இருக்கும் இலவசக் கருவி இன்விட்–வீவெரிஃபை. குரோம் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஆய்வுத் திட்டத்திலிருந்து 2017ல் வெளிவந்தது. பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி.யின் மீடியாலேப் குழு இன்றும் பராமரிக்கிறது. செய்தி அறையில் உட்கார்ந்தவர்கள் செய்தது என்பது ஒவ்வொரு பொத்தானிலும் தெரியும். அழகு மட்டும் பார்க்காதீர்கள். முகப்பு நம் மின்வாரியப் படிவத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதில் மிகவும் பயன்படும் பகுதி கீஃப்ரேம்ஸ். வீடியோவின் லிங்க்கை ஒட்டலாம், கோப்பையே ஏற்றவும் செய்யலாம். காட்சி மாறும் இடங்களை அதுவே கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை எடுத்து வரிசையாக வைக்கும். அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் கூகுள், யாண்டெக்ஸ், பிங், டின்ஐ என்று தேடுபொறிகளின் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தால், அதே படம் இணையத்தில் வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடும். யூடியூப் லிங்க்குகள் எளிதாக ஓடும். ஃபேஸ்புக் லிங்க் அடிக்கடி கைவிடும். வீடியோவை இறக்கி, கோப்பாக ஏற்றுவதே நிச்சயம்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செல்போனை ஆட்டிக்கொண்டே ஒரே மூச்சில் எடுத்த வீடியோவில் காட்சி மாற்றமே இருக்காது. கருவிக்கு வெட்ட இடம் கிடைக்காமல் இரண்டு மூன்று படத்தோடு நின்றுவிடும். அப்போது வி.எல்.சி. பிளேயரைத் திறந்து, ‘இ’ விசையை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, தேவையான இடத்தில் ஷிஃப்ட்டும் ‘எஸ்’ஸும் சேர்த்து அழுத்திப் படம் பிடிக்க வேண்டியதுதான். எந்த ஃபிரேம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஓடுகிற கூட்டத்தை எடுத்தால் உலகத்துக் கூட்டமெல்லாம் வந்து நிற்கும். கடைப் பலகை, பஸ்ஸின் பக்கவாட்டு, மேம்பாலத் தூண், போலீஸ் தொப்பி ஆகியவற்றில் ஒன்று துல்லியமாகத் தெரிகிற ஃபிரேமை எடுங்கள். மேலும் கீழும் ஒட்டியிருக்கும் ‘அதிர்ச்சி வீடியோ’ பட்டையை வெட்டிவிட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்தைத்தான் தேடும். சிலர் வீடியோவைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போடுவார்கள். பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிந்தாலோ, எல்லாரும் இடது கையால் கம்பு பிடித்தாலோ, படத்தைத் திருப்பி மறுபடி தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுபொறிகளும் ஒன்றுபோல் இல்லை. கட்டடம், நிலப்பரப்பு, முகம் என்றால் யாண்டெக்ஸ் கெட்டி. கூகுள் லென்ஸ் ‘இதே மாதிரி’ப் பொருள்களைக் காட்டி இழுத்துக்கொண்டு போகும், சட்டையைக் காட்டினால் கடைக்குக் கூட்டிப் போகும் புத்தி அதற்கு. டின்ஐயில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். ஆனால் அது காட்டும் தேதி டின்ஐ அந்தப் படத்தைக் கண்ட தேதி, படம் வெளியான தேதி இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘முதலில் வெளியானது இந்த நாளில்’ என்று எழுதிவிட்டால், மறுநாள் திருத்தம் போட வேண்டிவரும்.

அனாலிசிஸ் பகுதி, வீடியோ ஏற்றப்பட்ட நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் சொல்லும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். யுடிசியில் 4ஆம் தேதி இரவு எட்டு மணி என்றால், இங்கே 5ஆம் தேதி அதிகாலை ஒன்றரை. கலவரம் நடந்தது 4ஆம் தேதி மாலையா, வீடியோ அதற்கு முன்பே வந்துவிட்டதா என்ற கேள்வியில் இந்த ஐந்தரை மணி நேரம் தீர்ப்பையே மாற்றிவிடும்.

கோப்போடு ஒட்டிவரும் தகவலைக் காட்டும் மெட்டாடேட்டா பகுதியை நம்பி உட்கார வேண்டாம். கேமரா, தேதி, ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கும் எக்ஸிஃப் தகவலை வாட்ஸ்அப் கழற்றிவிட்டுத்தான் படத்தை அனுப்புகிறது. எடுத்தவரே கிடைத்தால், ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது தகவல் அப்படியே வரும். ஃபோரென்சிக் பகுதியில் ஒட்டுவேலையைக் காட்டும் வடிகட்டிகள் பல உண்டு. பத்துக் குழுவில் சுற்றிவந்த ஜேபெக் படத்தில், ஒவ்வொரு முறையும் அழுத்திச் சுருக்கியதில் தடயமே அழிந்திருக்கும். அதோடு எழுத்தின் ஓரம், பளிச்சென்ற சிவப்பு, வெளிச்ச விளிம்பு எல்லாம் வடிகட்டியில் தாமாகவே மின்னும். அதை வைத்துப் ‘போலி’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். மூலப்படம் கையில் இல்லாதபோது இந்தப் பகுதிக்குள் போகாமல் இருப்பதே நல்லது. உருப்பெருக்கி நன்றாக இருக்கிறது. வண்டி எண், பலகை எழுத்து படிக்க உதவும்.

சில பகுதிகள் பூட்டியிருக்கும். ஏ.ஐ. படத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் அந்த ரகம். பத்திரிகையாளர், தகவல் சரிபார்ப்பவர், ஆய்வாளர் என்று பதிவு செய்தால்தான் திறக்கும். அலுவலக மின்னஞ்சல் இருப்பது நல்லது. மாவட்டத்தில் சொந்த மெயிலில் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபருக்கு இது சங்கடம். அவருக்கு அதைவிடப் பெரிய சங்கடம், ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே ஓடாது என்பது. வீடியோ முதலில் வந்து விழுவது அவர் போனில்; சரிபார்க்கும் கருவி இருப்பது சென்னை டெஸ்கின் கம்ப்யூட்டரில். என் பார்வையில் இதன் ஆகப்பெரிய குறை இதுதான். அவர் கையில் இருப்பது ஸ்கிரீன்ஷாட்டும் லென்ஸும்தான்.

இன்னொன்று. இந்தக் கருவியால் ஒரு வீடியோ பழையது என்று நிரூபிக்க முடியும். புதியது, உண்மையானது என்று நிரூபிக்க முடியாது. தேடி எதுவும் வரவில்லை என்றால், எதுவும் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு மேல் பலகையிலிருந்து ஊரைப் பிடித்து, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பக்கத்துக் கடைக்கும் போன் போட வேண்டும். ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்பதை ‘பொய்’ என்று தலைப்பில் போடுவது டெஸ்க் அவசரத்தில் நடக்கிற தப்பு.

டெஸ்கில் கம்ப்யூட்டர் உள்ள எந்தச் சின்னப் பத்திரிகைக்கும் இதைத் தாராளமாகச் சொல்லலாம். நிறுவியதும் குரோமில் இந்தக் கருவிக்குப் பாப்-அப் அனுமதியைத் திறந்துவையுங்கள். யூடியூப் வீடியோவின் முகப்புப் படங்களைத் தேடும் தம்ப்நெயில்ஸ் பகுதி, தேடல் முடிவுகளைத் தனித்தனி டேப்களில் திறக்கும், அனுமதி இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். தேட ஆரம்பிக்கும் முன் அசல் பதிவின் லிங்க்கை, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, வீடியோவையும் இறக்கி வையுங்கள். போலி என்று செய்தி வந்த அரை மணியில் பதிவை நீக்கிவிட்டு ஓடுவார்கள்.