கடை மூலையில் ஆறு ஆண்டுகள்: டெபியன் சர்வர் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் டிடிபி கடையில் மூன்று கணினிகள். 2019 வரை கோப்புகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பென் டிரைவில்தான் போய்வந்தன. ஒரு கல்யாணப் பத்திரிகையின் திருத்திய பிரதி ஒரு கணினியிலும் திருத்தாத பிரதி இன்னொன்றிலும் கிடக்க, முகூர்த்த நேரம் தவறாக அச்சாகி, 300 பத்திரிகைகளை எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அந்த வாரமே, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மேசைக் கணினியைத் தூசு தட்டி, லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 10 நிறுவி, மூன்று கணினிகளுக்கும் பொதுவான கோப்புக் கிடங்காக, அதாவது சர்வராக, ஆக்கினேன். 4 ஜிபி ராம், இயங்குதளத்துக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, வேலைக் கோப்புகளுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதே பெட்டி இன்று டெபியன் 13-இல் ஓடுகிறது. இடையில் ஒருமுறைகூட அழித்துவிட்டுப் புதிதாக நிறுவவில்லை.

நிறுவுவது ஒரு மாலை வேலை. வரைகலை நிறுவியின் மொழிப் பட்டியலில் தமிழைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. ஆனாலும் சர்வருக்கு ஆங்கிலமே வசதி. பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே இணையத்தில் தேட வேண்டியிருக்கும். இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்கும்போது ஒன்றும் எழுதாமல் விட்டால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே சூடோ அதிகாரம் (நிர்வாகிக் கட்டளைகளை இயக்கும் உரிமை) கிடைத்துவிடும். எழுதினால், அந்த அதிகாரத்தைப் பிறகு நீங்களே கொடுக்க வேண்டும். அடுத்து, மென்பொருள் தொகுப்புகளின் பட்டியலில் டெஸ்க்டாப் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு வேறொரு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை.

கோப்புப் பகிர்வுக்கு சாம்பா போட்டேன். சாம்பாவுக்குக் கடவுச்சொல் தனி. லினக்ஸ் பயனரின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்து அரைநாள் போனது. எங்கள் ஊர் மின்தடைக்காக, மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி கணினியின் தொடக்க நிரலான பயாஸில் ஓர் அமைப்பை மாற்றினேன். பாதுகாப்புத் திருத்தங்களை அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற நிரல் தானாகவே போட்டுக்கொள்கிறது. இந்த ஆறு ஆண்டுகளில் அதனால் ஒரு வேலையும் நின்றதில்லை.

நின்ற வேலைகளுக்குக் காரணம் வேறு. ஒரு காலை, இரவு மின்தடைக்குப் பிறகு மூன்று கணினிகளிலும் பகிர்வு அடைவைக் (ஃபோல்டரைக்) காணவில்லை. மானிட்டரை இணைத்துப் பார்த்தால் சர்வர் முழுதாக எழாமல் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. காப்புப் பிரதிக்கான யூஎஸ்பி டிஸ்கை முந்தைய நாள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். எந்தெந்த டிஸ்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த டிஸ்குக்கான வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடர்ந்து எழு) என்ற சொல் இல்லை. டிஸ்க் வரும் என்று ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, வராததால் சர்வர் எழ மறுத்துவிட்டது. சொல்லைச் சேர்த்ததும் சரியானது. ஆனால் வேறொரு சிக்கலுக்கு வழி திறந்தது. அடுத்த மாதம் டிஸ்க் இல்லாத இரவில், காப்புப் பிரதி எடுக்கும் நிரலான ஆர்சிங்க் வழக்கம்போல ஓடி, டிஸ்க் இணைய வேண்டிய வெற்று அடைவுக்குள்ளேயே எல்லாவற்றையும் நகலெடுத்தது. அந்த அடைவு இருப்பது எஸ்எஸ்டியில். காலையில் 120 ஜிபியும் நிரம்பி வழிந்தது. இப்போது காப்பு ஸ்கிரிப்டின் முதல் வரியே மவுண்ட்பாயிண்ட் கட்டளைதான்; டிஸ்க் இணைந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு நகரும். நோஃபெயில் போடுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நான் படித்த எந்த வழிகாட்டியிலும் இல்லாதது. ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு விண்டோஸில் திறக்கிறது, சர்வருக்குள் மட்டும் போக மறுக்கிறது. கோப்பின் பெயரே ஒரு முழுப் பத்திரிகை: மணமகன், மணமகள், மண்டபம், தேதி எல்லாம் தமிழில். சர்வர் டிஸ்கின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் யூனிகோடின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'தி' நம் கண்ணுக்கு ஓரெழுத்து; கணினிக்கோ தகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள், ஆக ஆறு பைட். ஐந்தெழுத்துச் சொல்லான 'திருமணம்' 24 பைட் பிடிக்கிறது. இப்படிப் பத்துச் சொற்கள் வந்தாலே எல்லையை ஒட்டிவிடும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அங்கே அதே பெயர் தாராளமாக அடங்குகிறது. இப்போது கடையில் ஒரு விதி: தேதி, ஊர், வாடிக்கையாளர் பெயர், அதற்கு மேல் வேண்டாம். தமிழிலேயே பெயர் வைக்கிறோம், குறைவாக வைக்கிறோம்.

பதிப்பு மாற்றங்கள் மூன்று. 2021-இல் வந்த டெபியன் 11 தான் சற்று வேலை வைத்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் களஞ்சியத்தின் பெயரமைப்பு அந்தப் பதிப்பில் மாறியது. களஞ்சியப் பட்டியலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றினால் பிழைதான் வரும். வெளியீட்டுக் குறிப்புகளில் இது தெளிவாக இருக்கிறது, முழுவதும் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அதோடு, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்காக வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி சர்வரை இழந்தது. சாம்பா 4.11 முதல் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி1 இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும். ஒரு வரி சேர்த்து அதைத் திறக்க முடியும், திறந்தேன். மனம் ஒப்பவில்லை, அது பாதுகாப்பில்லாத நெறிமுறை. இரண்டு மாதத்தில் பழைய கோப்புகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு அந்தக் கதவை மறுபடி அடைத்தேன்.

டெபியன் 12-க்கு மாறியது ஒரு மணி நேரம், சொல்ல ஒன்றுமில்லை. 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு ராமுக்குள் போய்விட்டது, அதிகபட்சம் ராமில் பாதி. எங்கள் பெட்டியில் அது 2 ஜிபி. வாரந்தோறும் பெரிய கோப்புகளை அங்கே வைத்துச் சுருக்கும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. ராமில் இல்லாமல் டிஸ்கிலேயே, வார் அடைவுக்குள் இருக்கும் டெம்புக்கு மாற்றினேன்.

மென்பொருள்கள் பழையவை என்று டெபியனைக் குறை சொல்வார்கள். உண்மைதான், ஒரு பதிப்புக்குள் புதிய வசதிகள் வருவதில்லை. முகூர்த்த மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு அச்சுக்குக் கோப்பு அனுப்புகிற எனக்கு, நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருப்பதுதான் வேண்டும்.

பழசாவது பெட்டிதான். வேலைக் கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பழுதான செக்டர்களின் எண்ணிக்கை ஏறுவதாக டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனை இரண்டு வாரமாகக் காட்டுகிறது. புது டிஸ்க் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியதும் மாற்ற வேண்டும்.