ஒரு மெகாவாட் கேஸ் ஜெனரேட்டர்: காகிதத்தில் 117 யூனிட், கையில் 97

சொந்த மண்ணில் இயற்கை எரிவாயு கிடைக்கும், ஆனால் அரசு மின்சாரத்தை முழுதாக நம்பியிருக்க முடியாது. இப்படிப்பட்ட நாடுகளில் தொழிற்சாலைகள் தேடிப் போய் வாங்கும் இயந்திரம் இது. 1 மெகாவாட் வகுப்பு, 1500 ஆர்பிஎம், 12 முதல் 20 சிலிண்டர், டர்போசார்ஜர், ஸ்பார்க் பிளக் வைத்த லீன்-பர்ன் (காற்றை அதிகமாகக் கலந்து எரிக்கும்) எஞ்சின். வங்கதேசத்து ஜவுளி ஆலைகள் பல ஆண்டுகளாக இந்த வகை கேஸ் எஞ்சின்களை நம்பித்தான் ஓடுகின்றன. பிராண்டுக்கு பிராண்டு நுணுக்கங்கள் மாறும்; அதற்குள் இங்கே போகவில்லை. எந்தப் பெயர்ப்பலகை ஒட்டியிருந்தாலும் இந்த வகுப்புக்கென்று சில குணங்கள் உண்டு, மதிப்பீடு அவற்றுக்குத்தான்.

இயந்திரம் நல்ல இயந்திரம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓட்டலாம், பெரிய ஓவர்ஹால் 60,000 மணியை ஒட்டித்தான் வரும். ஆனால் கேஸ் ஒப்பந்தத்தைப் படிக்காமல் எஞ்சின் கேட்லாக்கைப் புரட்டுவது, கிணற்றில் ஊற்று இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டார் வாங்குவது மாதிரி.

எரிபொருள் கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் கேஸில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. எஞ்சினின் திறன் 40 சதவீதம் என்றால் 4 யூனிட் மின்சாரம். முழு லோடில் மணிக்கு 250 கன மீட்டர் குடிக்கும். டீசலோடு ஒப்பிட, ஒரு கன மீட்டர் கேஸுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏமாற்றம் வருவது டேட்டா ஷீட்டின் சிறிய எழுத்துகளில். அங்கே போட்டிருக்கும் திறன், கீழ் வெப்ப மதிப்பை (புகையில் நீராவியோடு போகும் வெப்பத்தைச் சேர்க்காதது) வைத்துப் போட்டது. கேஸ் நிறுவனமோ பெரும்பாலும் மேல் வெப்ப மதிப்பை (அதையும் சேர்த்தது) வைத்து பில் போடும். இரண்டுக்கும் இடையே 10, 11 சதவீத இடைவெளி. அதற்கு மேல் எரிபொருள் செலவில் 5 சதவீதம் வரை கூடலாம் என்று உற்பத்தியாளர் சலுகை எடுத்துக்கொள்கிறார். சோதனைத் தரநிலையே அதை அனுமதிக்கிறது. ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் பம்ப், அறைக் காற்றோட்டம் என்று ஜெனரேட்டரே தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வீட்டுச் செலவு ஒரு 3 சதவீதம். பத்து லட்சம் பிடியூவுக்கு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) 293 யூனிட் வெப்பம், அதில் 40 சதவீதம் 117 யூனிட் என்று முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இந்த மூன்றையும் கழித்தால் மோசமான நிலையில் 97 தான் மிஞ்சும். போதாததற்கு, 0 டிகிரியில் அளந்த கன மீட்டரும் 15 டிகிரியில் அளந்த கன மீட்டரும் ஒன்றல்ல. 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். விலைப்புள்ளியில் எது என்று எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசலில் 80 முதல் 200 மில்லிபார் போதும். குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆடாமல் நிற்க வேண்டும். விநாடிக்கு 10 மில்லிபாருக்கு மேல் ஏறி இறங்கினால் மிக்ஸரால் (கேஸையும் காற்றையும் கலக்கும் பாகம்) தொடர முடியாது, கலவை மாறும், எஞ்சின் தடுமாறும். குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஆலைக்குப் பக்கத்து ஆலைகளெல்லாம் ஓடும் நேரத்தில் அழுத்தம் விழும். அதற்கு பூஸ்டர் (அழுத்தம் ஏற்றும் கருவி) வைத்து உறிஞ்சலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். விநியோக நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போனால், எங்கோ ஒரு பழைய இணைப்பின் வழியாகக் காற்று உள்ளே வரும். கேஸும் காற்றும் குழாய்க்குள்ளேயே கலப்பதைவிட ஆபத்து வேறில்லை.

மாறாக, உயர் அழுத்தக் குழாயிலிருந்து நேரடி இணைப்பு கிடைத்தால் வேறு தலைவலி. ஒரு பார் குறைக்கும்போது வெப்பம் அரை டிகிரி அளவு இறங்கும். 40 பாரிலிருந்து 4 பாருக்கு ஒரே தாவலில் இறக்கினால் 16, 18 டிகிரி போய்விடும். கேஸில் ஈரமும் கனமான ஹைட்ரோகார்பன்களும் இருந்தால் ரெகுலேட்டருக்குப் பின்னால் திரவமாகும். சில சமயம் பனி போல உறைந்து வால்வையே அடைக்கும். ஹீட்டர், அதன் பின் இரண்டு கட்டமாக அழுத்தக் குறைப்பு, கோலசிங் ஃபில்டர் (திரவத் துளிகளைப் பிடிக்கும் வடிகட்டி). இந்த மூன்றையும் விற்பனையாளர் ‘உங்கள் பொறுப்பு’ என்ற பத்தியில் தள்ளியிருப்பார். அங்கே தேடிப் பாருங்கள்.

தரம் என்றால் மீத்தேன் எண்ணைத்தான் (கேஸ் தானாக வெடித்தெரியாமல் தாங்கும் அளவு) முதலில் கேட்க வேண்டும். சுத்த மீத்தேனுக்கு 100. சுத்திகரித்து வரும் குழாய் கேஸ் பெரும்பாலும் 70 முதல் 90. எண்ணெய்க் கிணற்றோடு சேர்ந்து வரும், புரொப்பேனும் பியூட்டேனும் மண்டிய கேஸ் 60-க்கும் கீழே இறங்கும். கேட்லாக்கில் போட்ட 1 மெகாவாட் பெரும்பாலும் 70, 80-க்கு மேலான கேஸுக்குத்தான். அதற்குக் கீழே போனால் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிக்கும். கன்ட்ரோலர் பற்றவைக்கும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பிறகு லோடைக் குறைக்கும், கடைசியில் நிறுத்திவிடும். எஞ்சினைத் திட்டிப் பயனில்லை, அது தன் பிஸ்டனைக் காப்பாற்றிக்கொள்கிறது.

டீசல் ஜெனரேட்டருக்குப் பழகியவர்கள் மிகவும் சலித்துக்கொள்வது லோடு ஏற்றும் விஷயத்தில்தான். டீசல் செட் பெரிய லோடை ஒரே அடியில் தாங்கும். இது 10 முதல் 20 சதவீதமாக, படிப்படியாகத்தான் ஏற்கும், ஏனென்றால் டர்போ சுழன்று காற்றைத் தள்ளிய பிறகுதான் சக்தி வரும். 90 கிலோவாட் மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் தட்டினால் சில விநாடிகளுக்கு 600 கேவிஏ-க்கு மேல் இழுக்கும்; விளக்கெல்லாம் மங்கி, காண்டாக்டர்கள் (மோட்டார் சுவிட்சுகள்) விழுந்து, ஆலையே நிற்கலாம். பெரிய மோட்டார்களுக்கு, மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ டிரைவோ போட்டுவிடுங்கள். அந்தச் செலவு ஜெனரேட்டர் விலையின் ஒரு பகுதி. கிரிட்டோடு இணைத்து ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் பலவீனமான கிரிட்டில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் போய் வரும்போது கிரிட்டின் ஃபேஸ் (மின் அலையின் ஏற்ற இறக்க நிலை) தள்ளிப்போயிருக்கும். அந்த அடியை வாங்குவது எஞ்சினுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே உள்ள ரப்பர் கப்ளிங். வேகமாகப் பிரித்துவிடும் ரிலே இல்லாமல் இணைக்கவே வேண்டாம். இன்னொன்று: பாதி லோடுக்குக் கீழே நாள்கணக்கில் ஓட்டக்கூடாது. சிலிண்டருக்குள் ஆயில் ஏறும், கரி படியும். 600 கிலோவாட் தேவைக்கு 1 மெகாவாட் வாங்குவதைவிட 500-இல் இரண்டு நல்லது.

பராமரிப்பில் பணம் கரைவது ஸ்பார்க் பிளக்கிலும் ஆயிலிலும். பிளக் இடைவெளி 0.3, 0.4 மில்லிமீட்டர்தான். மணிக்கணக்கை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு சிலிண்டரின் பற்றவைப்பு வோல்டேஜையும் குறித்துவைத்தால், ஏறிக்கொண்டே போகிற சிலிண்டர் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எரியாமல் போன கேஸ் சைலன்ஸரில் சேர்ந்து வெடிப்பது உண்டு; புகைக்குழாயில் அழுத்தம் விடுவிக்கும் தகடு இருக்கிறதா, ஸ்டார்ட்டுக்கு முன் காற்றடித்துச் சுத்தம் செய்யும் சுற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் விஷயத்தில் டீசல் ஆயிலை ஊற்றும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். அதில் சாம்பல் அதிகம், பிஸ்டன் தலையில் படிந்து கனன்று நாக்கிங்கைக் கிளப்பும். சாம்பலே இல்லாத ஆயிலும் ஆகாது, வால்வு இருக்கையில் புதைந்துபோகும். சல்ஃபேட்டட் ஆஷ் (சாம்பல் அளவு) 0.5 சதவீதத்தை ஒட்டிய கேஸ் எஞ்சின் ஆயில்தான் சரி. கேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் ஆயிலின் காரத்தன்மை சீக்கிரம் கரையும். புதிய ஆயிலின் அளவில் பாதிக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் அறையில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எல்பிஜி பழக்கத்தில் கேஸ் டிடெக்டரைத் தரையோரம் மாட்டிவிடுகிறார்கள். மீத்தேன் காற்றைவிட லேசு, கூரைக்குத்தான் போகும்.

வெப்பத்தைப் பயன்படுத்தாதவர் பாதிப் பொருளை வாங்கிவிட்டு வீசுகிறவர். மின்சாரம் 40 சதவீதம் என்றால் மீட்கக்கூடிய வெப்பமும் 40 சொச்சம். ஆனால் அதில் பாதி 90 டிகிரி வெந்நீராகத்தான் வரும். நீராவி வேண்டுமென்றால் புகையிலிருந்து கிடைக்கும் பாதிதான் உதவும். சாயப்பட்டறைக்கு எவ்வளவு நீராவி, எவ்வளவு வெந்நீர் என்று பிரித்துக் கணக்கிடாமல் ‘மொத்தத் திறன் 85 சதவீதம்’ என்ற வரியை நம்ப வேண்டாம். சுற்றுச்சூழல் வாக்குறுதிக்கும் இதே எச்சரிக்கை: எரியாமல் 2 சதவீத மீத்தேன் நழுவினால், நூறாண்டுக் கணக்கில் பசுமைக்குடில் வாயு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

கேஸ் டர்பைன் இந்த அளவுக்கு ஒத்துவராது. அதற்குப் பல மடங்கு அதிக அழுத்தம் வேண்டும், வெயில் ஏற ஏற உற்பத்தி சரியும்.

கடைசியாக, கேஸ் எத்தனை வருடம் வரும்? டான்சானியாவின் சோங்கோ சோங்கோ வயல் 1974-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த கேஸில் தாருஸ்ஸலாமில் மின்சாரம் வந்தது 2004-இல். வங்கதேசம் சொந்த கேஸ் போதாமல் 2018-இல் எல்என்ஜி (திரவமாக்கிய எரிவாயு) இறக்குமதியைத் தொடங்கியது. விலை வேறு உலகத்துக்குப் போனது. பெரிய ஓவர்ஹால் வரை எஞ்சின் ஓடுவது 60,000 மணி, அதாவது ஏழெட்டு வருடம். ஒப்பந்தம் அதற்குக் குறைவான காலத்துக்கு என்றாலோ, எடுக்காத கேஸுக்கும் பணம் கட்டச் சொன்னாலோ, நிறுத்தி யோசியுங்கள். விநியோக நிறுவனத்திடம் கடந்த 12 மாத கேஸ் பகுப்பாய்வையும் அழுத்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அவற்றை விலைப்புள்ளியோடு பின் செய்து, ‘இந்த கேஸில் இத்தனை கிலோவாட்’ என்று விற்பனையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.