சி-36 பிளம்பர் உரிமத் தேர்வுப் பயிற்சி: பாடம் நன்று, விண்ணப்ப உதவி வேண்டாம்

கலிபோர்னியாவில் பிளம்பிங் வேலையைச் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் எடுத்துச் செய்ய விரும்புகிறவர், மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம் வழங்கும் சி-36 உரிமத்தைப் பெற வேண்டும். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரை எட்டாத, அரசு அனுமதி தேவைப்படாத, ஆள் வைக்காமல் தனியாகவே முடிக்கக்கூடிய சில்லறை வேலைகளுக்கு மட்டும் 2025 ஜனவரி முதல் விலக்கு உண்டு. அதற்கு முன் அந்த வரம்பு 500 டாலராகத்தான் இருந்தது. உரிமத்துக்கான இரண்டு தேர்வுகளுக்கும் தயார்செய்யும் ஒரு தனியார் வகுப்பில் எட்டு சனிக்கிழமைகள் படித்தேன். இரண்டிலும் முதல் முறையிலேயே தேறினேன். இருந்தும் அந்த வகுப்பை முழுமனத்துடன் பரிந்துரைக்க முடியாமல் இருப்பதற்கு, சேரும்போது அவர்கள் சொன்ன ஒரு கணக்குதான் காரணம்.

தொலைபேசியில் பேசியவர் என் அனுபவத்தைக் கேட்டார். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரிடம் நான்கு ஆண்டும் மூன்று மாதமும் வேலை பார்த்திருக்கிறேன் என்றேன். அப்படியானால் வகுப்பு முடிந்ததும் விண்ணப்பித்துவிடலாம், படிவத்தைத் தாங்களே நிரப்பித் தருவோம் என்றார். அந்தக் கணக்கு தவறு. வாரியம் கேட்பது, விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள், மேற்பார்வை இல்லாமல் வேலையைத் தானே செய்து முடிக்கும் ‘ஜர்னிமேன்’ நிலையில் பெற்ற 4 ஆண்டு அனுபவம். குழி வெட்டியதும், குழாய் சுமந்ததும், கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்ததுமாகக் கழிந்த என் முதல் ஒன்றேகால் ஆண்டு அதில் சேராது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கும் முறையான அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி முடித்தவர்களுக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை கழித்துக் கொடுக்க வழி இருக்கிறது. என்னிடம் அப்படிச் சான்று எதுவும் இல்லை.

இது எனக்குத் தெரியவந்தது என் முதலாளியால். பயிற்சி நிறுவனம் நிரப்பிக் கொடுத்த அனுபவச் சான்றிதழை வேனின் பானட் மீது விரித்து வைத்து வரிவரியாகப் படித்தவர், தொடக்கத் தேதியில் விரலை வைத்தார். அந்தத் தேதியில் எனக்கு, தொட்டிக்கு அடியில் கொஞ்சம் நீரைத் தேக்கி வைக்கும் வளைகுழாயான டிராப் ஒன்றைக்கூடத் தனியாகப் பொருத்தத் தெரியாது என்பதை நினைவுபடுத்தி, அதைப் பேனாவால் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழில் போடும் கையெழுத்து, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் போடப்படுவது. அவர் அடிக்காமல் விட்டிருந்தால் அவருடைய உரிமமும் என்னுடைய எதிர்காலமும் ஒரே தாளில் சிக்கியிருக்கும். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்து, உண்மையான தேதிகளோடு, திரும்பி வராத 450 டாலர் கட்டணத்தைக் கட்டி விண்ணப்பித்தேன். ஒரு பயிற்சி நிறுவனம் தன் மாணவரை இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாடம் நடத்திய விதம் இதற்கு நேர்மாறாக இருந்தது. ஆசிரியர் முப்பது ஆண்டு குழாய் வேலை பார்த்தவர். மூன்றாவது வாரம் அவர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு டிராப்புகளைத் தொட்டிகளில் பொருத்திக் கொண்டுவந்து, நீலச் சாயம் கலந்த நீரை ஊற்றினார். வளைவுக்குப் பிறகு நேராகக் கீழே இறங்கும் எஸ் வடிவ டிராப்பில், ஓடிய நீர் பின்னால் இருந்ததையும் உறிஞ்சிக்கொண்டு போனது. கடைசியில் அடியில் ஒரு விரற்கடை நீர்கூட நிற்கவில்லை. அந்த நீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது என்பதால் விதிநூல் எஸ் டிராப்பைத் தடை செய்கிறது. அடுத்ததில் ‘வென்ட்’ எனப்படும் காற்றுக் குழாய் காற்றை உள்ளே விட்டதால் உறிஞ்சல் அறுந்து, நீர் அப்படியே நின்றது. நிற்கும் நீர் 2 அங்குலத்துக்குக் குறையவும் 4 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது என்ற விதியை அதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2 அங்குலக் குழாயில் டிராப்பிலிருந்து வென்ட் 5 அடிக்குள் இருக்க வேண்டும் என்பதற்கும், கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சாய்வு கேட்பதற்கும் அவர் இதே போலக் காரணத்தைக் காட்டிவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார். தேர்வறையில் புத்தகத்தைத் திறக்க முடியாது. காரணம் தெரிந்தவருக்கு எண் நினைவுக்கு வந்துவிடும்.

சட்டமும் வணிகமும் பற்றிய முதல் தாளைக் குழாய்க்காரர்கள் பெரும்பாலும் அலட்சியப்படுத்துவார்கள். நானும் அப்படித்தான் போனேன். வீட்டு மராமத்து ஒப்பந்தத்தில் முன்பணம், மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. துணை ஒப்பந்தமாக வேலை எடுப்பவர் தொடங்கிய 20 நாட்களுக்குள் முன்னறிவிப்பு அனுப்பாவிட்டால், பணம் வராதபோது சொத்தின் மீது உரிமை கோரும் வழி பெரிதும் அடைபட்டுப் போகும். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர் கூலிக்காக வழக்குப் போட முடியாது. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேரிடும். நல்ல வேலைக்காரர்கள் கைப்பணத்தை இழப்பது எங்கே என்பதை அந்த இரண்டு வகுப்புகளில் புரிந்துகொண்டேன். கட்டணத்தில் பாதி அவற்றுக்கே தகும்.

வரைபடம் பார்த்து மதிப்பீடு போடும் பகுதி மிகவும் மெலிந்திருந்தது. மாதிரி வினாத்தாள்களில் படங்கள் நகல் எடுத்து எடுத்து மங்கிப்போய், வென்ட் கோடு எது, கழிவுக் கோடு எது என்று பிரித்தறிய முடியவில்லை. தேறிய பின் என்ன செய்வது என்பதையும் அவர்கள் சொல்லித் தரவில்லை: கைரேகைப் பதிவு, புத்தகம் பார்த்து எழுதும் ஆஸ்பெஸ்டாஸ் தேர்வு, தனி உரிமையாளருக்கான 200 டாலர் உரிமக் கட்டணம், 25,000 டாலர் பிணையப் பத்திரம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என்னுடன் படித்த ஒருவர் அவ்வளவு ரொக்கத்துக்கு எங்கே போவேன் என்று கலங்கிவிட்டார். பத்திரத்தைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு பிரீமியம்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இந்த வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்துச் சேர வேண்டாம். டெக்சாஸில் பிளம்பிங்குக்கென்றே தனி வாரியம் இருக்கிறது. அங்கே அப்ரன்டிஸாகப் பதிந்து 8,000 மணி நேரம் உழைத்து ஜர்னிமேன் தேர்வு எழுத வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் மாநில அளவிலான பிளம்பர் உரிமமே கிடையாது, நகரங்கள் தாமே வழங்குகின்றன. கலிபோர்னியாவில் எழுதுகிறவர்கள், விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் 18 மாதத்துக்குள் இரண்டு தாளையும் முடிக்க வேண்டியிருப்பதால், அனுபவக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி வகுப்பில் சேரலாம். ‘விண்ணப்ப உதவி’ என்று தனியாக விலை சொல்லும் தொகுப்பை மட்டும் வாங்காதீர்கள். வாரியத்தின் படிவங்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் வேலையை நேரில் பார்த்தவரோடு உட்கார்ந்து நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும்.