"கையெழுத்து போட்டுட்டீங்க சார்": வேலூர் பக்கம் கார் புக் பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் புது கார் புக் பண்ணப் போகிறவர்களும், பண்ணிவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்தான். "ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டீங்க சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஷோரூமில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் வேலூர் பைபாஸ் பக்கம் ஒரு ஷோரூமில் 4 மீட்டருக்குள் வரும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை புக் செய்தேன். அந்த நேரம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சுதந்திர தினத்தன்று பிரதமர் ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று சொல்லிவிட்டார், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை, வாங்க நினைத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். சேல்ஸ் தம்பி, "வரி குறைஞ்சா குறைஞ்ச விலைதான் சார் உங்களுக்கு, இப்போ புக் பண்ணி வரிசையில இடம் பிடிச்சுக்குங்க" என்றார். அதையே வாட்ஸ்ஆப்பிலும் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். இன்றைக்கு என் கையில் இருக்கிற உருப்படியான ஆதாரம் அதுதான்.

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்தது. 1200 சிசி வரை உள்ள சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் போய் வெறும் 18 சதவீதம், செப்டம்பர் 22 முதல். எக்ஸ் ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 60,000 ரூபாய் குறைய வேண்டும். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், பில் விலை இறங்கினால் அதிலும் கொஞ்சம் மிச்சம்.

செப்டம்பர் நடுவில் ஷோரூமிலிருந்து போன் மேல் போன். ஆயுத பூஜைக்கு ஏகப்பட்ட டெலிவரி, முழுப் பணமும் வந்தால்தான் உங்கள் பெயருக்கு வண்டி அலாட் ஆகும், இல்லை என்றால் அந்த கலர் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். சரி என்று பேங்க் லோனையும் விடுவிக்கச் சொல்லிக் கட்டினோம். வண்டி லாரியில் வந்து யார்டில் இறங்கியதே 27ஆம் தேதி, அதுவும் அதே தம்பி அனுப்பிய செய்தியில் இருக்கிறது. அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்று மாலை, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. இரவு காகிதக் கவரைப் பிரித்த என் மனைவிதான் பார்த்தாள். பில் தேதி செப்டம்பர் 17. வரி 28 சதவீதம். கீழே செஸ் தனியாக.

மறுநாள் விடுமுறை, அதற்கு அடுத்த நாள் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க கையெழுத்து போட்ட ஃபார்ம்ல இந்த விலைதானே சார் இருக்கு? சிஸ்டம்ல பில் போட்டாச்சு, இனி மாத்த முடியாது." ஃபார்மின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். எறும்பு மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில், வண்டியை ஒப்படைக்கும் நாளில் அமலில் உள்ள விலையும் வரியும்தான் பொருந்தும் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். கம்பெனி விலை ஏற்றினால் நம் தலையில் கட்டுவதற்கு வைத்த வாசகம் அது, விலை இறங்கினால் மட்டும் அது யார் கண்ணுக்கும் தெரியாது. "அது கம்பெனி ஸ்டாண்டர்ட் ஃபார்ம் சார்" என்றார் மேனேஜர். ஸ்டாண்டர்டோ என்னவோ, நான் மட்டும் அதற்குக் கட்டுப்பட வேண்டுமாம், அவர்களுக்கு அது பொருந்தாதாம்.

நியாயமாக அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பில்லும் பணமும் இரண்டுமே 22ஆம் தேதிக்கு முன்னால் என்றால் ஜிஎஸ்டி சட்டப்படி பழைய வரிதான், அதனால் வரி அதிகாரியிடம் போய் நின்று பயன் இல்லை. என் வழக்கு வரியைப் பற்றியதே இல்லை. குறைந்த விலை என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, யார்டுக்கே வந்து சேராத வண்டிக்கு முன்கூட்டியே பில் போட்டது பற்றியது. ஏன் அந்த அவசரம் என்றால், செஸ் ஒழிந்தபோது டீலர்கள் ஏற்கனவே கட்டிய செஸ் அவர்கள் கணக்கிலேயே முடங்கும் நிலை வந்தது, 22க்கு முன்னால் போட்ட பில்லில்தான் அதைக் கழிக்க முடியும். அவர்கள் கஷ்டம் புரிகிறது. அதை நான் ஏன் சுமக்க வேண்டும்?

ஹேண்ட்லிங் சார்ஜ், கேட்காத ஆக்சஸரீஸ் பேக்கேஜ், எங்களிடமே இன்சூரன்ஸ் எடுங்கள் என்கிற வற்புறுத்தல், இதெல்லாம் வழக்கமான கதை, நீட்டவில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் அரசுக் கட்டணம் கிடையாது, இன்சூரன்ஸ் கம்பெனி நம் விருப்பம், இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டி கொடுக்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். என் பழைய வண்டியை அதே ஷோரூமில் கொடுத்தபோது, உரிமையை மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் இடத்தைக் காலியாக வைத்து என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள், எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. டிசம்பரில் கிருஷ்ணகிரி பக்கம் வேகமாகப் போனதாக எனக்கு இ-சலான் எஸ்எம்எஸ் வருகிறது. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்தால் ஆர்சி இன்னும் என் பெயரில். சலான் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயோடு போய்விடும், விபத்து என்றால்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டியைக் கைமாற்றிக் கொடுத்திருந்தாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருடையதுதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டியை விட்ட தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்கியவர் பெயர் எல்லாம் போட்ட ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் நாமே ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஷோரூமே பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வாங்கி விற்கும் டீலருக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டவுடன் முகம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இனி, எங்கே போவது. நம் நாட்டில் கார் வாங்கிவிட்டு சில நாளில் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை எல்லாம் கிடையாது, கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, அதுதான் அந்த உண்மையான பாதி. ஆனால் புக்கிங்கை ரத்து செய்தால் முழு முன்பணமும் போச்சு என்கிறார்களே, 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி ஃபார்மில் எவ்வளவு அச்சடித்திருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். 2019இல் ஒரு அடுக்குமாடி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தரப்பே எழுதி நீட்டி, கையெழுத்து போடுவதைத் தவிர வேறு வழி இல்லாத ஒப்பந்தத்தின் ஒருதலைப்பட்சமான ஷரத்துகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. வீட்டு வழக்குதான், ஆனாலும் என் புகாரில் அதைக் காட்டியிருக்கிறேன்.

முதலில் ஷோரூமுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன், அந்தச் சமயம் ஜிஎஸ்டி குறைப்புப் புகாருக்கென்றே அங்கே தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அங்கிருந்து புகார் கம்பெனிக்குப் போன கொஞ்ச நாளில் ஷோரூமிலிருந்து அழைப்பு, "சீட் கவர், மேட் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார்." வாங்கிப் பார்த்தால் இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருக்கிறது. இந்தக் காகிதத்தில் மட்டும் தயவுசெய்து கையெழுத்து போடாதீர்கள், முதல் கையெழுத்தை விட இது ஆபத்து.

அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார், நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ருதி வழியாக. வக்கீல் கட்டாயம் இல்லை. கட்டணம் நாம் கொடுத்த விலையைப் பொறுத்தது, 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஃபார்மில் தகராறு எல்லாம் சென்னை நீதிமன்றத்தில்தான் என்று போட்டிருந்தது, நான் கொஞ்சம் பயந்தேன், ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இன்னொரு நுணுக்கம், தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவர் சொன்னது. ஒப்பந்தமே அநியாயமானது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் அது மாநில ஆணையத்தின் வேலை, மாவட்டத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் நியாயமற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்றுதான் எழுதினேன்.

கார் கம்பெனியையும் சேர்க்கலாம், சேர்த்திருக்கிறேன், ஆனால் பெரிய நம்பிக்கை வேண்டாம். கோவாவில் ஓடிய பழைய வண்டியைப் புதுசு என்று டீலர் விற்ற வழக்கில், கம்பெனிக்கு அது தெரிந்திருந்ததாக நிரூபிக்காமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடை கணக்கில் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னபோது கேட்காமல் வண்டியை என் பெயரிலேயே எடுத்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்றுதான் எதிர்த்தரப்பு தன் பதிலின் முதல் வரியில் எழுதியிருக்கிறது.

நோட்டீஸ் கிடைத்தால் அவர்கள் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், மேலே 15 நாள்தான் நீட்டிப்பு. கடைசி நேரத்தில் தந்தார்கள். பழைய வண்டியின் ஆர்சி நோட்டீஸ் போன பிறகு அவசர அவசரமாக வேறு பெயருக்கு மாறிவிட்டது. பில் விவகாரம் விசாரணையில் இருக்கிறது. அதனால்தான் ஷோரூம் பெயரைப் போடவில்லை, யாரும் கேட்காதீர்கள். செப்டம்பர் 22க்கு முன்னால் பில் போட்டு அதற்குப் பிறகு வண்டி கொடுத்த கதை உங்களுக்கும் இருந்தால் பில், டெலிவரி நோட், வாட்ஸ்ஆப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள், 2 வருடக் கெடு இன்னும் முடியவில்லை.