உயிர்வேலி: கிளுவையா, கொடுக்காப்புளியா, களாவா?

உயிர்வேலிக்கு எந்தச் செடி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் மூன்று விஷயம் விசாரிப்பேன். சுற்றுவட்டாரத்தில் ஆடு மேய்கிறதா? கோடையில் தண்ணீர் உண்டா? வெட்டிவிட ஆள் கிடைக்குமா? செடியின் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் இல்லாத மானாவாரி நிலமா, யோசிக்காமல் முள்கிளுவை வையுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் நிற்கும் அந்த மேய்ச்சல் காடுகளைச் சுற்றி அடைத்திருப்பது கிளுவைதான். காங்கேயம் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், காவலுக்கு ஆள் வேண்டாம். நாற்று வாங்கும் செலவும் கிடையாது. முற்றிய போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளை வெட்டி, ஒரு அடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றி மண்ணை நன்றாக மிதித்துவிட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். துளிர்க்காமல் போன இடங்களில் அடுத்த மழைக்கு மறுபடி ஊன்ற வேண்டும். இதில் சோம்பினால் அந்தச் சந்துதான் ஆட்டுக்கு வழி. வறட்சியில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்பதால் சாலைப் புழுதியையும் பிறர் பார்வையையும் இது மறைக்காது.

கொடுக்காப்புளி விறுவிறுவென்று வளரும், பசுமையாக நிற்கும், முள்ளும் கூர்மை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்து நம் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. ஆனால் அடிப்படையில் அது மரம். முழங்கால் உயரத்திலேயே நுனியை வெட்டி, பிறகும் விடாமல் கத்தரித்தால்தான் அடியிலிருந்து கிளைக்கும். இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் மேலே குடை, கீழே ஓட்டை. காய்க்கு ஆசைப்பட்டு வைப்பவர்கள், மூலையில் ஒன்றிரண்டை மட்டும் மரமாக விடுங்கள். அடிக்கடி வெட்டும் வேலியில் காயை எதிர்பார்க்காதீர்கள்.

என் விருப்பம் களா. வறட்சி தாங்கும், இலை கொட்டாது, உறுதியான முள், ஊறுகாய்க்குக் காய். மரமாக ஓங்காமல் புதராகவே அடர்வதால் வெட்டும் வேலையும் குறைவு. மெதுவாக வளர்வது மட்டுமே குறை. வேலி என்று சொல்ல மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும். பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவைத்து வைக்காமல் உடனே போடுங்கள். களா அடரும்வரை காவலுக்கு வெளிவரிசையில் கிளுவைப் போத்து, உள்வரிசையில் களா என்று இரட்டையாக நடுவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வளவு முள் தேவையில்லை, குழந்தைகள் ஓடுகிற இடம். அங்கே நொச்சி அல்லது ஆடாதொடை போதும். குச்சி நட்டாலே வரும், ஆடும் வாய் வைக்காது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சித் தழை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். செம்பருத்தி அழகுதான், ஆனால் மாவுப்பூச்சி விடாது, ஆடு ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும். மதில் சுவருக்கு உள்ளே வேண்டுமானால் வையுங்கள்.

எதை வைத்தாலும் பருவமழைக்கு முன்பே குழி எடுத்து, தொழுவுரம் போட்டு ஆறவிடுங்கள். இரண்டு வரிசையாக, ஒரு வரிசைச் செடி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்படி நடுங்கள். எல்லைக்கல்லை ஒட்டி நடாமல் இரண்டடி உள்ளே தள்ளி வைத்தால், வெளிப்பக்கம் வெட்டவும் உங்கள் நிலத்திலேயே நிற்கலாம். பக்கத்துக் காட்டுக்காரரோடும் தகராறு வராது.